கம்பி வராத வீட்டுக்கும் அனுமதி வேண்டும்: பெங்களூரு ஓரத்துச் சிறு கட்டடங்களும் சட்டமும்

ஆனேக்கல், சர்ஜாபூர், கனகபுரா, மாகடி, நெலமங்கலா என்று பெங்களூருவைச் சுற்றியுள்ள பகுதிகளில் பத்து குண்டே, இருபது குண்டே (ஒரு குண்டே இரண்டரை சென்ட்) நிலம் வாங்கி, அதில் ஓர் அறையும் கழிப்பறையும் கொண்ட சிறிய வீட்டை எழுப்பி, சூரிய மின்தகடும் போர்வெல்லும் வைத்துக்கொண்டு வாழ நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பானஸ்வாடியிலும் வாடகை வீட்டில் பல காலம் கழித்தவர்களுக்கு, ஓய்வுக்கால வைப்புநிதியைக் கொண்டு சொந்த மண்ணில் ஒரு கூரை என்பது நியாயமான ஆசை. அவர்களிடம் ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. மின்வாரிய இணைப்பு கேட்கவில்லை, குடிநீர் இணைப்பு கேட்கவில்லை, கட்டுவதும் முந்நூறு சதுர அடிதான் என்றால் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை என்பதே அந்த எண்ணம். அது தவறானது, அதை நம்பிச் சேமிப்பைப் போடுகிறவர்களுக்கு ஏற்படக்கூடிய இழப்பும் பெரியது. ஆகவே விதிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

இந்த எண்ணம் வலுப்பெற்றதற்கு அண்மைக் காரணம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் தீர்ப்பளித்தபோது, கட்டட நிறைவுச் சான்றிதழ் அல்லது குடிபுகல் சான்றிதழ் இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை வழங்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. 2025-இல் பெங்களூருவின் மின்வழங்கல் நிறுவனமான பெஸ்காம் அதைப் பின்பற்றத் தொடங்கியதும், வரைபட அனுமதி இல்லாமலோ அனுமதியை மீறியோ கட்டியவர்கள் நிரந்தர இணைப்பு கிடைக்காமல் தவித்தார்கள். பின்னர் நகர எல்லைக்குள் 1200 சதுர அடி வரையிலான மனைகளில், குறிப்பிட்ட மாடி வரம்புக்குள் கட்டப்படும் வீடுகளுக்குக் குடிபுகல் சான்றிதழிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தது. ஆனாலும் ‘சான்றிதழ் இல்லையென்றால் கரண்ட் இல்லை’ என்ற செய்தி மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. அதைத் திருப்பிப் போட்டு, ‘கரண்ட் வேண்டாம் என்றால் சான்றிதழும் வேண்டாம்’ என்று பலர் புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. இணைப்பை நிறுத்துவது விதிமீறலைத் தடுக்கும் ஒரு வழி மட்டுமே. அனுமதி பெறும் கடமை அதற்கு வெகுகாலம் முன்பே வேறு சட்டங்களில் எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சட்டங்கள் முதலில் கேட்பது நிலத்தைப் பற்றித்தான். அடுத்துத்தான் கட்டடம் வருகிறது. கம்பியும் குழாயும் அதற்கும் பிறகு. நிலம் விவசாய நிலமா, மனையாக மாற்றப்பட்டதா, கிராமத்தாணா எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குள் இருப்பதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாமே அமையும். தமிழ்நாட்டில் நத்தம் என்று நாம் அறிந்ததற்கு ஏறத்தாழ இணையானதே இந்தக் கிராமத்தாணா. அளவுக் கணக்கிலும் ஒரு தெளிவு வேண்டும். நாற்பது குண்டே ஓர் ஏக்கர். ஒரு குண்டே 1089 சதுர அடி, அதாவது நம் கணக்கில் இரண்டரை சென்ட்.

விவசாய நிலத்தை வாங்குவது முன்பு எளிதாக இருக்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் விவசாயி அல்லாதவர்களும், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வேறு வருமானம் உடையவர்களும் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்து வந்தன. 2020-இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. பெங்களூருவைச் சுற்றிக் ‘பண்ணை நிலம்’ என்ற பெயரில் விற்பனை பெருகியதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் வாங்கும் உரிமை வந்ததால் வீடு கட்டும் உரிமையும் சேர்ந்து வந்துவிடவில்லை. விற்பனை விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பதால் வாங்குகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே அடிப்படையாக நிற்பது 1964-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது அதன் மையம். பேச்சு வழக்கில் ‘டிசி கன்வெர்ஷன்’ என்று சொல்லப்படுவது இதுதான். அனுமதியின்றி மாற்றினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பிரிவான 96 சொல்கிறது: அபராதமும் உண்டு, பயன்பாட்டை நிறுத்தும்படியான உத்தரவும் உண்டு. அதே 95-ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே விவசாயிக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. நிலத்தை உழுது பயிரிடுவதற்கு உதவியாகப் பண்ணைக் கட்டடமோ கிணறோ குளமோ அமைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பண்ணைக் கட்டடமோ பண்ணை வீடோ அவருடைய நிலத்தின் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, விதிகள் குறிக்கும் உச்ச அளவையும் தாண்டக் கூடாது. பத்து குண்டே நிலம் என்றால் பத்து சதவீதம் 1089 சதுர அடி. முந்நூறு சதுர அடி வீடு அதற்குள் தாராளமாக அடங்கும்.

பலரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நிம்மதி அடைகிறார்கள். சிக்கல் அளவில் இல்லை. பண்ணை வீடு என்றால் பண்ணையோடு சேர்ந்த வீடு, விவசாயத்துக்குப் பயன்படும் வீடு என்று சட்டமே விளக்கம் தருகிறது. பஹணி எனப்படும் நில உரிமை, பயிர்ப் பதிவேட்டில் பயிர் எதுவும் பதிவாகாமல், நிலம் முழுக்கப் புல்லும் நடைபாதையுமாக மாறி, வார இறுதியில் மட்டும் குடும்பம் வந்து தங்கிப் போகும் இடத்தைப் பண்ணை வீடு என்று நிலைநாட்டுவது கடினம். அதை நாள் வாடகைக்கு விடத் தொடங்கினால் வாதமே முடிந்துவிடுகிறது. அது வணிகப் பயன்பாடு. உண்மையாகவே நாலு மாமரமும் கொஞ்சம் ராகியும் காய்கறியும் வளர்க்கிறவருக்கு இந்தச் சலுகை வலுவான துணை. பயிர் செய்யும் எண்ணம் இல்லாதவர் நிலமாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே நேர்வழி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஆகும் கட்டணம், பின்னால் வரக்கூடிய வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் சிறியதே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 95-ஆம் பிரிவின் சலுகை, ‘கட்டடம் எழுப்புவது தொடர்பாக நடப்பிலுள்ள பிற சட்டங்களுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. நிலமாற்றம் தேவையில்லை என்றாலும் கட்டட அனுமதி தேவைப்படலாம் என்பதே இதன் பொருள். ஊராட்சிப் பகுதி என்றால் 1993-ஆம் ஆண்டின் கர்நாடக கிராம சுயராஜ்ய, பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, கிராமப் பஞ்சாயத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி எந்தக் கட்டடத்தையும் எழுப்பக் கூடாது. அந்த ஊர் ஆனேக்கல், ஹொசகோட்டே, நெலமங்கலா, கனகபுரா, மாகடி போன்ற திட்டமிடல் குழுமம் ஒன்றின் எல்லைக்குள் வந்தால், அக்குழுமத்தின் பெருந்திட்டத்தில் அந்த நிலம் எந்த மண்டலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். பெங்களூரு வளர்ச்சிக் குழும எல்லையில் இன்னும் நடப்பில் இருப்பது 2007-இல் ஒப்புதல் பெற்ற ‘2015 பெருந்திட்டம்’தான், அதில் பசுமை வளையமாகவும் விவசாய மண்டலமாகவும் குறிக்கப்பட்ட இடங்களில் கட்டுப்பாடு கடுமையானது. நகர எல்லைக்குள் 2025 செப்டம்பர் முதல் பிபிஎம்பி எனப்பட்ட பழைய பெங்களூரு மாநகராட்சி இல்லை. பெரும் பெங்களூரு ஆட்சிச் சட்டத்தின்படி அமைந்த ஐந்து மாநகராட்சிகளே வரைபட அனுமதி தருகின்றன.

பஞ்சாயத்து தரும் படிவம் ஒவ்வொன்றும் அனுமதி ஆகிவிடாது என்பதையும் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊராட்சிச் சொத்துகளை இணையவழியில் பதியும் இ-ஸ்வத்து முறையில் படிவம் 9, படிவம் 11ஏ ஆகியவை முறையான மனைகளுக்கும், படிவம் 11பி மற்றவற்றுக்கும் தரப்படுகின்றன. நகரத்தில் சொத்துப் பதிவான கத்தாவை ஏ கத்தா, பி கத்தா என்று பிரித்துச் சொல்வதும் இதைப் போன்ற வேறுபாடுதான். பி கத்தாவும் 11பி-யும் வரி வசூலுக்கான பதிவுகள். ‘வரி கட்டுகிறேனே, அப்புறம் எப்படி அனுமதியில்லாத வீடு ஆகும்’ என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், வரி வாங்கிக்கொண்டதாலேயே கட்டடம் சட்டப்படியானது ஆகிவிடுவதில்லை.

அடுத்து, ‘இது கட்டடமே இல்லை’ என்ற வாதம். கப்பல் கன்டெய்னரை வாங்கி வைக்கிறேன், அடித்தளம் போடவில்லை, நாளைக்கே கிரேன் கொண்டு தூக்கிப் போய்விடலாம் என்கிறார்கள். கர்நாடக மாநகராட்சிச் சட்டம் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கம் மிக அகலமானது: வீடு, வெளிவீடு, தொழுவம், கழிப்பறை, கொட்டகை, குடிசை, சுவர், வேலி, திண்ணை என்று நீண்டு, கல், செங்கல், மரம், மண், உலோகம் என எந்தப் பொருளால் ஆனாலும் அது கட்டடமே என்று முடிகிறது. கன்டெய்னர் உலோகத்தால் ஆனது என்பதால் அது விலகிவிட முடியாது. மும்பை மாநகராட்சிக்கும் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் இடையே நடந்த பழைய வழக்கில், தரையில் போல்ட் எதுவும் இன்றித் தம் எடையாலேயே நிற்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் சொத்து வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது வரி வழக்கு என்பது உண்மை. ஆனாலும் தரையோடு பிணைக்கவில்லை என்ற ஒரே காரணம் எவ்வளவு பலவீனமானது என்பதை அது காட்டுகிறது. சக்கரத்தின் மேல் நிற்கும் வீடு வாகனமாகப் பதிவாகி, ஓடக்கூடிய நிலையில் இருக்கும்வரை அதன் சட்டம் வேறு. அதே வீட்டுக்குக் கீழே செங்கல் அடுக்கி, கழிவுக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, முன்னால் திண்ணையும் கட்டியபின் அதை வாகனம் என்று சொல்லி நிற்பது கடினம்.

அளவு சிறியது என்பதாலேயே வரும் விலக்கைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் 200 சதுர அடிக்கு உட்பட்டால் அனுமதி வேண்டாம் என்று சொல்வதை நம்மவர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் அப்படி ஓர் எண் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே உள்ள வீட்டுக்குத் துணையாக நிற்கும் ஒற்றைத் தளக் கருவிக் கொட்டகை போன்றவற்றுக்கானது, மனிதர் வசிக்கும் வீட்டுக்கானது அன்று. நம் துணைவிதிகளில் அனுமதி தேவையில்லாதவையாக இருப்பவை வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரை மாற்றுதல், கதவு சன்னல் பழுதுபார்த்தல் போன்ற சில்லறை வேலைகள்தாம். சிறு கட்டடத்துக்கு உண்மையாகக் கிடைக்கும் சலுகைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்படும் ஒரு சதவீதத் தீர்வை, ஐம்பது லட்ச ரூபாய்க்கு (2025 நவம்பர் வரை இந்த வரம்பு பத்து லட்சம்) மேற்படாத செலவில் ஒருவர் தமக்காகக் கட்டிக்கொள்ளும் வீட்டுக்குப் பொருந்தாது.

அனுமதிக்கு விண்ணப்பித்தால் கன்டெய்னர் வீட்டுக்கு வேறொரு தடையும் எழும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. வழக்கமான கன்டெய்னரின் உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர், உள்ளுயரம் சுமார் 2.39 மீட்டர். உயரம் கூடிய வகையிலும் உள்ளுயரம் 2.7 மீட்டர் அளவில்தான் நிற்கிறது. வெப்பம் தடுக்கும் பலகையை உள்ளே பொருத்தினால் அதுவும் குறையும். பரப்பளவு போதும், அகலமும் உயரமும் போதாது. விதித்தொகுப்பு தானாகவே சட்டம் ஆகிவிடாது. உள்ளாட்சியின் துணைவிதிகள் அதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கின்றன என்பதே இறுதியில் செல்லும். ஆயினும் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் அக்கறை உண்மையானது. ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தாழ்ந்த அறையில் முதியவர்கள் படுத்திருப்பதை எண்ணினால் 2.75 மீட்டரை வெறும் சம்பிரதாயமாகக் கருத முடியாது. இரண்டு கன்டெய்னர்களைச் சேர்த்து நடுச்சுவரை நீக்கிக் கூரையை உயர்த்துவதும், அதைக் காட்டிலும் எளிதாக, உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு சப்படி எனப்படும் பலகைக் கல்லாலோ மண்கட்டியாலோ கட்டுவதும் வரைபட அனுமதிக்குத் தோதான வழிகள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சட்டம் தாராளமானது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் உற்பத்தி செய்ய உரிமம் தேவையில்லை. பெஸ்காம் கம்பியோடு சேராத, பேட்டரியில் ஓடும் சூரிய மின்னமைப்பை யாரும் வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் அளவில் தரும். ஒரு சிறு வீட்டின் விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டிக்கு அது போதும், மழைக்காலத்தில் குறையும். ஆனால் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கிடைக்கும் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய், மின்வாரியக் கம்பியோடு இணைந்த கூரைத் தகடுகளுக்கு மட்டுமே. தனித்து இயங்கும் அமைப்புக்கு அது இல்லை; விவசாயி தம் தனி சூரியப் பம்புக்கு பிஎம்-குசும் என்ற மத்திய அரசுத் திட்டத்தை நாடலாம். ‘இரண்டு மானியமும் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தண்ணீரிலும் கழிவிலும்தான் தனித்து வாழும் வீட்டின் பொறுப்பு கூடுகிறது. குழாய் இணைப்பு உள்ள வீட்டில் நகராட்சி சுமக்கும் கடமையை இங்கே வீட்டுக்காரரே சுமக்கிறார். கர்நாடக நிலத்தடி நீர்ச் சட்டம் 2011-இன்படி, அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் போர்வெல் தோண்ட முன் அனுமதி வேண்டும். பெங்களூருவைச் சுற்றி நிலத்தடி நீர் வெகுவாக உறிஞ்சப்பட்ட பல தாலுகாக்கள் அப்பட்டியலில் இருக்கின்றன. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததையொட்டி உச்ச நீதிமன்றம் 2010-இல் விதித்த நெறிகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும்: தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தோண்டும்போது வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும், குழாயைச் சுற்றிச் சிமென்ட் மேடை வேண்டும், வாய் மூடப்பட்டிருக்க வேண்டும். சிறு நிலம், ஒதுக்குப்புறம் என்று இவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

கழிவுநீர்த் தொட்டிக்கு இந்தியத் தரநிலை 2470 அளவுகளை வகுத்திருக்கிறது. தொட்டி எவ்வளவு சிறியதானாலும் 75 சென்டிமீட்டர் அகலமும், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழமும், ஆயிரம் லிட்டர் கொள்ளளவும் இருந்தாக வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குள்ளும் குடியிருப்பிலிருந்து 6 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. ஐந்து குண்டே நிலத்தில், பக்கத்து நிலத்துக்காரரின் போர்வெல்லையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்த 18 மீட்டரே வீடு எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. வரைபடம் போடுகிறவர்கள் வீட்டை முதலில் வரைந்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் குழியைத் தள்ளுகிறார்கள். குடிக்கிற தண்ணீரும் கழிவும் ஒரே மண்ணில்தான் கலக்கின்றன என்பதால் இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும். தொட்டியை ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே உறிஞ்சு லாரி வந்து நிற்கப் பாதை இருக்கிறதா என்பதையும் கட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

எந்த அனுமதியும் கிடைக்காத இடங்களும் இருக்கின்றன. ஏரியிலிருந்து 30 மீட்டர், ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் முதல்நிலைக்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் என்று 2015 பெருந்திட்டம் இடைவெளி குறித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் இவற்றை அதிகப்படுத்தியதை 2019 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 2020-இல் அறிவிக்கப்பட்ட 168.84 சதுர கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலத்திலும், திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பஹணியில் ‘பி கராப்’ என்று குறிக்கப்பட்டிருக்கும் பகுதி ஓடை, பாதை, குளம் போன்ற பொது நிலம். அது விற்பனைப் பத்திரத்தில் சேர்ந்திருந்தாலும் உங்களுடையது ஆகாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலம் என்றால், 1978-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி அரசின் முன் அனுமதியின்றி நடந்த விற்பனையே செல்லாது. அந்த நிலத்தை இழந்த குடும்பம் அதை மீட்கக் கேட்பது அவர்களின் உரிமை என்பதையும் வாங்குகிறவர் உணர்ந்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்குக் கூடுதலான இடர், பத்திரங்கள் எல்லாம் கன்னடத்தில் இருப்பது. தரகர் வாசித்துச் சொல்வதை மட்டும் நம்பாமல், நிலத்தில் நின்றுகொண்டு மாநில அரசின் ‘திஷாங்க்’ நில வரைபடச் செயலியில் சர்வே எண்ணைப் பார்த்து, ‘பூமி’ என்ற அரசு நிலப்பதிவு இணையதளத்தில் பஹணியை எடுத்து, கன்னடம் படிக்கத் தெரிந்த, விற்பனையில் பங்கில்லாத ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் செய்ய வேண்டும். பெரிய சர்வே எண்ணின் ஒரு துண்டை வாங்கும்போது உட்பிரிவை அளந்து காட்டும் 11ஈ வரைபடம் அந்தத் துண்டுக்கென்று இருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. அது இல்லாமல் ‘பங்கு’ என்ற பெயரில் வாங்கிய நிலத்தில் வீட்டு எல்லையைக் காட்டவே முடியாமல் போகலாம்.

ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் பார்ப்பவர்களுக்கு மேற்சொன்ன கர்நாடகச் சட்டங்கள் பொருந்தா. அங்கே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் விரைவாக அனுமதி கிடைக்கிறது. அதற்கும் நிலம் அங்கீகரிக்கப்பட்ட மனையாக இருக்க வேண்டும். அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கட்டிய நண்பரின் அனுபவத்தை அந்தப் பக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்பது பயன் தராது.

ஏற்கெனவே அனுமதியின்றிக் கட்டிவிட்டவர்கள், விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் அக்ரம-சக்ரம திட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்கிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஏற்ற அத்திட்டத்துக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதை நம்பிப் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அவர்கள் செய்யக்கூடியது, நிலம் பெருந்திட்டத்தின் குடியிருப்பு மண்டலத்தில் இருந்தால் நிலமாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டியதை அளந்து வரைபடம் எடுத்து, பஞ்சாயத்திடமோ திட்டமிடல் குழுமத்திடமோ எழுத்தில் அனுமதி கேட்பது. விவசாய மண்டலத்தில் இருந்தால் உண்மையாகவே பயிரிட்டு, அதைப் பஹணியில் பதியச் செய்து, வீட்டைப் பத்து சதவீதத்துக்குள் அடக்கி, வாடகைக்கு விடுவதை நிறுத்துவது. கால்வாய் இடைவெளிக்குள் இருந்தால், இடிக்கும் ஆணை வரும் முன்பே கதவு, சன்னல், தகடு, பேட்டரியைக் கழற்றி நிலத்தின் உயர்ந்த பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, அங்கே கட்டுவதற்கு முறைப்படி அனுமதி கேட்பது.